சேர்க்கை நாளிலேயே கேளுங்கள்: கொங்கு மண்டலக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும் தாளாளர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

ஈரோடு மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முதுகலைத் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். பிறவியிலேயே எனக்குப் பார்வை மங்கல். இருபது வயதுக்குள் இருந்த கொஞ்சமும் போய்விட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என்று இந்த மண்டலத்தில் எந்த ஊருக்குப் பேருந்தில் போனாலும், சிறிது தூரத்துக்கு ஒருமுறை நடத்துநர் ஏதாவதொரு கல்லூரியின் பெயரையே நிறுத்தத்தின் பெயராகக் கூவுவது காதில் விழும். அந்த நிறுத்தங்களில் ஆண்டுதோறும் என் மாணவர்களும் இறங்குகிறார்கள். அவர்களுள் மாற்றுத்திறனாளிகளாக இருப்பவர்களுக்கு, இறங்கி உள்ளே சென்ற பிறகு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கை நாளன்று, கட்டணச் சீட்டு எழுதும் மேசையிலேயே, மாற்றுத்திறனாளி மாணவர் ஒவ்வொருவரிடமும் "உங்களுக்கு வகுப்பிலும் தேர்விலும் வளாகத்திலும் என்னென்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, நீங்கள் கையொப்பமிட்டு, அதன் படியைத் துறைக்கும் தேர்வுப் பிரிவுக்கும் நூலகத்துக்கும் விடுதிக்கும் அனுப்புங்கள். அந்தத் தாள் நிறைவேறுகிறதா என்று பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். மாணவர் பட்டம் வாங்கிச் செல்லும் நாள்வரை அந்தத் தாள் செல்லட்டும். தேவை மாறினால் மாணவரே வந்து திருத்திக்கொள்ளட்டும்.

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இது எங்கள் பள்ளிகளில் ஓரளவு பழகிப்போன நடைமுறைதான். மாணவருக்கு என்ன தேவை என்பதைத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்புகிறோம். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு என்று அவரவர்க்கு உரியது ஆணையாக வந்து சேர்கிறது. அங்கும் குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் பள்ளியில் அந்த ஆணையோடு தேர்வெழுதிப் பழகிய பிள்ளை, ஜூன் மாதம் கல்லூரிக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பருவத்துக்குப் பருவம் புது விண்ணப்பம், வகுப்பாசிரியர் பரிந்துரை, துறைத் தலைவர் கையொப்பம், அசல் சான்றிதழ், சில இடங்களில் புதிதாக ஒரு மருத்துவச் சான்றும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு ஆறு பருவம். ஆறு முறையும் தன் கண் தெரியவில்லை என்றும் தன் கை எழுதாது என்றும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை எழுதிக் கொடுத்து நிற்க வேண்டியிருக்கிறது. பார்வை நரம்பு பட்டுப்போன ஒருவருக்கு அடுத்த பருவத்தில் பார்வை திரும்பிவிடப் போவதில்லை. நிரந்தர இயலாமை என்று, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டையிலேயே பதிவாகியிருக்கும்போது, அதை ஒருமுறை பார்த்துப் பதிந்துகொள்வதற்கு மேல் கல்லூரிக்கு என்ன தேவை?

சட்டம் சொல்வதைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையை 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்டதன் தொடர்ச்சி அது. மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தம் உரிமையைத் துய்ப்பதற்காக, அளவுக்கு மீறிய சுமையாகிவிடாத வகையில், தேவையான பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருவதை அச்சட்டம் நியாயமான தகவமைப்பு என்கிறது. அதைத் தர மறுப்பதும் பாகுபாட்டுக்குள் அடங்கும் என்று அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. சட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். திட்டுவதும் துரத்துவதும்தான் பாகுபாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்ட ஏற்பாட்டைச் செய்யாமல் மென்மையாகப் பேசி அனுப்பிவிடுவதையும் சட்டம் அதே பெயரால்தான் அழைக்கிறது. அரசு கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்க வேண்டும் என்பது 32ஆம் பிரிவு. "நாங்கள் சுயநிதிக் கல்லூரி, அது எங்களுக்குப் பொருந்தாது" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இட ஒதுக்கீட்டுப் பிரிவைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் 16ஆம் பிரிவு, நிதியுதவி பெறும் நிறுவனங்களோடு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகிறது: பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதும், கட்டடத்தையும் வளாகத்தையும் எட்டக்கூடியதாக ஆக்குவதும், தனி மாணவரின் தேவைக்கேற்பத் தகவமைப்பு தருவதும் இவற்றில் நடக்க வேண்டும் என்கிறது. இந்த மண்டலத்தில் படிக்கும் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் சுயநிதிக் கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் அனுபவம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் முதுகலைத் தமிழ் படித்தேன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. யாப்பிலக்கணத் தேர்வன்று காலை ஒன்பதரை மணிக்குத் தேர்வறைக்குப் போனபோது எனக்காக எழுதுபவர் வந்திருக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். "இருங்க அம்மிணி, பாக்கறேன்" என்று சொல்லிப் போன அலுவலக உதவியாளர், பத்தே காலுக்கு நடைவழியில் நின்றிருந்த முதலாமாண்டு வணிகவியல் மாணவர் ஒருவரை அழைத்து வந்தார். நல்ல பையன். கை நடுங்கிக்கொண்டே எழுதினான். அவன் பேனா தாளில் உராயும் சத்தத்திலேயே அது எனக்குத் தெரிந்தது.

வெண்பா ஒன்றை அலகிட்டு வாய்பாடு தர வேண்டும் என்பது கட்டாய வினா. சீர், அசை, வாய்பாடு என்று மூன்று பத்தியாகக் கோடு போடச் சொன்னேன். அந்தக் கோடு போடவே ஐந்து நிமிடம் ஆனது. ஒவ்வொரு சீரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். "நேர் நேர், தேமா" என்றால் "தேமான்னா என்னங்க அக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான், சொல்லித்தர எனக்கு உரிமையில்லை, கண்காணிப்பாளர் அருகிலேயே நின்றார். வல்லின றகரமா இடையின ரகரமா என்று சொல்லுக்குச் சொல் சொல்ல வேண்டியிருந்தது. பதினைந்து சீரை அலகிட்டு முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. தாமதமான நேரத்தையும் யாரும் ஈடு செய்யவில்லை. கடைசி இரண்டு நெடுவினாக்களுக்கான விடைகள், வரி வரியாக, என் தலைக்குள்ளேயே இருக்க மணி அடித்துவிட்டது. மற்றத் தாள்களில் எழுபதுக்குக் குறையாமல் வாங்கிய எனக்கு, நான் மிகவும் விரும்பிப் படித்த அந்தத் தாளில் 51 மதிப்பெண். இன்றும் என் மதிப்பெண் பட்டியலில் அந்த எண்தான் இருக்கிறது. வேலைக்கான நேர்காணல் ஒன்றில் "யாப்புல கொஞ்சம் வீக்குங்களா?" என்று அதைக் காட்டிக் கேட்டார்கள்.

அந்தப் பையன் மேல் எனக்கு இம்மியும் வருத்தமில்லை. பாடம் தெரிந்தவர் எழுதினால் விடையையும் அவரே எழுதிவிடுவாரோ என்ற உங்கள் அச்சத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். நானும் தேர்வு நடத்துபவள்தான். ஆனால் அந்தப் பையனை இரண்டு நாள் முன்பு எனக்கு அறிமுகப்படுத்தியிருந்தால், ஒரு மாலை வேளையில் அவனுக்கு அந்த மூன்று பத்திக் கோட்டையும், நான் சொல்லும் வேகத்தையும், எழுத்துகளைக் குறிப்பிடும் முறையையும் பழக்கியிருப்பேன். நடுவண் அரசின் சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில் இதே ஏற்பாடு இருந்தது: எழுதுபவர் தமக்குப் பொருந்துவாரா என்று பார்த்துக்கொள்ளத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்திக்கத் தேர்வரை அனுமதிக்க வேண்டும் என்றது அது. எழுதுபவரைத் தாமே அழைத்து வரவும், விரும்பினால் கணினியிலோ பிரெய்லியிலோ விடையளிக்கவும் வாய்ப்புத் தந்தது. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்ற கணக்கில், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் சேர்த்துத் தர வேண்டும் என்றும், அதைக் கூடுதல் நேரம் என்று சொல்லாமல் ஈடுசெய் நேரம் என்று குறிப்பிட வேண்டும் என்றும் கூறியது. அந்தச் சொல்மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். என் கையால் எழுத முடிந்திருந்தால் எனக்கு மூன்று மணி நேரமே போதும்; இன்னொருவர் கையின் வழியாக எழுதுவதால் கரையும் நேரத்தைத்தான் திரும்பக் கேட்கிறேன். உங்கள் தேர்வுப் பிரிவுச் சுற்றறிக்கைகளில் இன்னும் "சலுகை" என்றே அச்சிடப்படுகிறது. அதை மாற்ற ஒரு நாள் போதும்.

குறைபாடு 40 விழுக்காடாவது உண்டு என்ற சான்று இல்லாதவர்களையும் திருப்பி அனுப்பக் கூடாது. எழுதும்போது கைத்தசை பிடித்துக்கொள்ளும் குறைபாடு கொண்ட ஒரு தேர்வருக்கு எழுதுபவர் மறுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11 அன்று, நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பில், 40 விழுக்காடு என்ற வரையறை இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது என்றும், எழுதுபவரைப் பெறும் உரிமையை அதனோடு முடிச்சுப் போடக் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. அவ்வகைத் தேர்வர்களுக்கான தனி நெறிமுறையை அமைச்சகமும் 2022 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. தேர்வு அலுவலகச் சாளரத்தில் அமர்ந்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கிறது. அவருக்குத் தெரிவிப்பது உங்கள் வேலை.

அடுத்தது பாடக்குறிப்புகள். தமிழில் இது தனிச் சிக்கல் என்பதால் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். பார்வையற்ற மாணவர்கள் இன்று கணினியிலும் கைப்பேசியிலும், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் கொண்டு படிக்கிறார்கள். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் மென்பொருள் முற்றிலும் இலவசம்; தமிழையும் படிக்கும். ஆனால் யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறையில் தட்டச்சு செய்த தமிழை மட்டுமே அதனால் படிக்க முடியும். நம் ஆசிரியர்கள் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது; கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கிலக் குறிகள். பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல்லை என் திரைவாசிப்பானில் எழுத்தெழுத்தாகக் கேட்டால் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று வருகிறது. முப்பது பக்கக் குறிப்பு முழுவதும் இப்படியே ஒலிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். புத்தகப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் அந்த ஒலிகூட வராது. கோப்பு வெறுமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

போன ஆண்டு கல்லூரியில் சேர்ந்த என் மாணவி ஒருத்தி, வகுப்புக் குழுவில் வந்த நாற்பது கோப்புகளில் ஆறு மட்டும்தான் தனக்குப் "பேசியது" என்றாள். மீதியைத் தோழி ஒருத்தி இரவு ஒன்பது மணிக்கு மேல், தன் வீட்டு வேலை முடித்துவிட்டு, தொலைபேசியில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஆசிரியர்கள் இதை வேண்டுமென்று செய்யவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. உங்கள் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கும். ஆங்கிலக் குப்பையாக விழுந்தால் அவர்களுக்குக் கேட்பதும் அதுதான். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; ஒரு முழுப் பாடத்தின் குறிப்புகளை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

கட்டடங்களுக்கு வருகிறேன். என்னிடம் படித்த இன்னொரு மாணவனுக்குத் தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலியில்தான் இருப்பு. அவன் அம்மாதான் தள்ளிக்கொண்டு போவார். அவன் சேர்ந்த கல்லூரியில் முகப்பில் மூன்று படி, மொத்தம் ஒன்றரை அடி உயரம். சாய்தளம் ஒன்றும் கட்டியிருந்தார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான அளவு. ஒன்றரை அடிக்கு 18 அடி வேண்டும். அங்கே இருந்ததோ ஏழடி. ஏறும்போது அந்த அம்மா நெஞ்சால் முட்டிக்கொண்டு தள்ளுவார். இறங்கும்போது நாற்காலி தன்னை இழுத்துவிடாமல் பின்பக்கமாகச் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை ஊன்றி இறக்குவார். ரசமட்டம் வைத்துப் பார்க்கும் எந்தக் கொத்தனாரிடம் அளவைச் சொல்லியிருந்தாலும் சரியாகக் கட்டித் தந்திருப்பார். கைப்பிடிக் குழாயும் இல்லை. மோட்டாரும் பம்பும் நூற்பாலை உதிரிப்பாகமும் வார்த்தெடுத்த பட்டறைகள் நிறைந்த பகுதி நம்முடையது. கோவையின் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு வெல்டிங் பட்டறையில் ஒரு கைப்பிடி செய்து வாங்குவது எந்தக் கல்லூரிக்கும் தாங்க முடியாத சுமையாகாது.

கணினி ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தது. நண்பர்கள் இருவர் அவனைத் தூக்கிச் சென்றார்கள். ஆண்டு விழா மேடையில் அவர்களைப் பாராட்டினார்கள், பாராட்டுக்குரியவர்கள்தாம். ஆனால் அவர்கள் வராத நாள்களில் அவன் கீழ்த்தளத்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் வகுப்புக்கு மட்டும் நான்கு கணினிகளைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவரலாமே என்று நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கழிப்பறைக் கதவு நாற்காலி நுழையாத அளவுக்குக் குறுகலாக இருந்ததால், காலை ஏழு மணிக்கு வீட்டில் குடிக்கும் தண்ணீரோடு மாலை ஐந்து மணிவரை அவன் தண்ணீரே குடிப்பதில்லை என்பது மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. பங்குனி வெயிலிலும் அப்படித்தான் இருந்திருக்கிறான். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் எட்டக்கூடியவையாக மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கூறுகிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களை இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளை மட்டும் சொன்னது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. மனநோயும் கற்றல் குறைபாடும் இரத்தம் உறையாமையும் தலசீமியாவும் அரிவாள் செல் நோயும் அவற்றுள் அடங்கும். அரிவாள் செல் நோய் நீலகிரி மலைவாழ் மக்களிடையே காணப்படுவது. குளிரிலோ உடலில் நீர்ச்சத்து குறையும்போதோ திடீரென்று கடும் வலி வந்து அந்தப் பிள்ளைகளைப் பல நாள்கள் படுக்கவைத்துவிடும். மலையிலிருந்து இறங்கி வந்து கோவை விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு என்பது அந்த வலியோடு நடக்கும் போராட்டம். அவருக்குச் சாய்தளம் வேண்டாம், எழுதுபவர் வேண்டாம். விடுபட்ட வகுப்புகளின் பதிவும், அகமதிப்பீட்டுத் தேர்வை வேறொரு நாளில் எழுதும் வாய்ப்பும், மருத்துவ விடுப்பை வருகைக் கணக்கில் நியாயமாகக் கருதுவதும் வேண்டும். செவித்திறன் குறைந்தவருக்கு வாய்மொழித் தேர்வை எழுத்தில் நடத்தினால் போதும். ஒருவருக்கு வேண்டியது மற்றவருக்கு வேண்டியதில்லை என்பதால்தான், பட்டியல் ஒன்றை நீங்களே தயாரித்துச் சுவரில் ஒட்டுவதை விட, அந்தந்த மாணவரிடம் கேளுங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

"ஒரே ஒரு மாணவருக்காக இவ்வளவு செய்ய முடியுங்களா?" என்று ஒரு முதல்வர் என்னிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார். எளிதில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி என்பதால் நானும் நெடுநாள் யோசித்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் கல்லூரி வயதில் இருப்பவர்கள் உங்கள் வாசலுக்கு ஒருவர் இருவராகத்தான் வந்து சேர்கிறார்கள் என்றால், மற்றவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. என் பள்ளியிலிருந்தே சொல்கிறேன்: பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகத் தேர்ச்சி பெற்ற இரண்டு பிள்ளைகளின் பெற்றோர், கல்லூரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "அங்க போயி எங்க புள்ள சீரழியோணுங்களா?" என்று கேட்டு வீட்டிலேயே இருத்திக்கொண்டார்கள். அந்த இருவரும் உங்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

இந்த ஆண்டு என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருத்தி படிக்கிறாள். தமிழிலக்கியம் எடுப்பதாக இருக்கிறாள்; அலகிடுவதில் என்னை விடக் கெட்டி. பொதுத்தேர்வுக்கான எழுதுபவர் ஆணை அவள் கைக்கு வந்த அன்று, அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், காலேஜ்லயும் இது செல்லுங்களா, இல்ல பரிச்சைக்குப் பரிச்சை எழுதிக் குடுக்கோணுங்களா?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வரும் ஜூனில் உங்களில் ஒருவருடைய சேர்க்கை மேசைக்கு அவள் வருவாள்.

உங்கள் ஆசிரியர்களுக்கும் தேர்வு அலுவலகப் பணியாளர்களுக்கும் யூனிகோடு மாற்றத்தையும், எழுதுபவரோடு தேர்வெழுதும் முறையையும் நேரில் வந்து காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன். பள்ளி விடுமுறையாக இருக்கும் எந்தச் சனிக்கிழமையும் வருவேன். கட்டணம் எதுவும் வேண்டாம். ஒரு கணினியும், பழைய எழுத்துருவில் இருக்கும் உங்கள் பாடக்குறிப்பு ஒன்றும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
முதுகலைத் தமிழாசிரியை ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.